ஐஸ் ஹவுஸிலிருந்து செனட் இல்லம் வரை: கடற்கரைச் சாலையின் பழைய கட்டடங்களை நடந்து பார்ப்பது எப்படி

தெற்கிலிருந்து வடக்கே நடங்கள். சென்னை கடற்கரைச் சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடங்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பலரும் நேப்பியர் பாலத்தில் இறங்கி, செனட் இல்லத்தில் தொடங்கி, விவேகானந்தர் இல்லத்தில், அதாவது பழைய ஐஸ் ஹவுஸில், முடிப்பார்கள். அப்படிப் போனால் நாலைந்து அழகான கட்டடங்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரலாம், அவ்வளவுதான். ஐஸ் ஹவுஸில் தொடங்கி வடக்கே வந்தால் நடப்பது வேறு. ஐஸ் ஹவுஸ் 1842. மாநிலக் கல்லூரி 1870. செனட் இல்லம் 1879. சாலையின் வரிசையும் காலத்தின் வரிசையும் ஒன்றாகவே போகின்றன. நடுவில் சேப்பாக்கம் அரண்மனை மட்டும் 1768-ஐச் சேர்ந்தது. அது சரியான இடத்தில்தான் குறுக்கிடுகிறது. ஏன் என்று அங்கே போய்ச் சொல்கிறேன்.

நான் பாலிடெக்னிக்கில் சிவில் பிள்ளைகளுக்கு டிராயிங் எடுத்தவள். கட்டடத்தை வரைந்து பார்க்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அது பிடிபடும் என்று இன்றும் நம்புகிறேன். அதனால் இந்த நடைக்கு செல்போனோடு ஒரு கோடில்லாத நோட்டும் பென்சிலும் கட்டாயம். தொப்பி, தண்ணீர் உங்களுக்கே தெரியும்.

நேரம் மிக முக்கியம். இந்தக் கட்டடங்கள் எல்லாம் கிழக்கே கடலைப் பார்த்து நிற்பவை. காலை ஆறேகால், ஆறரைக்கு வெயில் நேராக முகப்பில் விழும்; தூண், வளைவு, பிதுக்கம் எல்லாவற்றுக்கும் பக்கவாட்டில் நிழல் விழுந்து வேலைப்பாடு தெளிவாகத் தெரியும். பத்து மணிக்கு மேல் எல்லாம் தட்டையாகிவிடும். சாயங்காலம் வந்தால் சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும், முகப்பு இருண்டு கிடக்கும். சாயங்காலம் சுண்டல் சாப்பிட வாருங்கள், கட்டடம் பார்க்க வராதீர்கள். ஜனவரியில் குடியரசு தின ஒத்திகை நடக்கும் நாட்களில் சாலையை மறித்துவிடுவார்கள். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மேட்ச் இருக்கும் நாளையும் தவிர்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வெளியே நின்று பார்க்க வசதி. உள்ளே போக வேண்டுமானால் வேலை நாள்தான். அதுவும் முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி வாங்கியிருக்க வேண்டும். ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி மெட்ராஸ் தினக் கொண்டாட்டம் நடக்கும் வாரத்தில் குழுவாக அழைத்துப் போகிறவர்கள் நிறைய உண்டு. தனியாக வரத் தயங்குகிறவர்கள் அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம்.

ஒவ்வொரு இடத்திலும் முதலில் சாலையின் கடற்கரைப் பக்கம் நின்று முழுக் கட்டடத்தையும் பாருங்கள். அந்த நடைபாதையைப் போட்டவர் ஆளுநர் கிராண்ட் டஃப், 1880-களின் நடுவில். மெரினா என்ற பெயரும் அவர் வைத்ததுதான். அங்கிருந்து உருவம் மனதில் பதிந்த பிறகு சிக்னலில் கடந்து கிட்டே போங்கள். எட்டே கால் வரை கூட்டம் அதிகமிராது. அதற்கு மேல் குழந்தைகளோடு இந்தச் சாலையைக் கடப்பது பெரும்பாடு.

ஐஸ் ஹவுஸ்

இன்று அதன் பெயர் விவேகானந்தர் இல்லம். ஆனால் அந்த வட்டாரத்துக்கே ஐஸ் ஹவுஸ் என்றுதான் பேர். காவல் நிலையம்கூட அந்தப் பெயரில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் குளிர்காலத்தில் உறைந்த குளங்களிலிருந்து ஐஸை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்து விற்றது ஃபிரெடரிக் டியூடரின் நிறுவனம். அந்த ஐஸை வைக்கக் கட்டிய கிடங்கு இது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் இப்படிக் கட்டியவை போய்விட்டன. நம்முடையது நிற்கிறது.

கட்டடத்துக்கு முன்னால் நின்று கடல் எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பாருங்கள். மணலில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்! 1842-ல் அப்படியில்லை, அலை கிட்டத்தில் இருந்தது. சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலம் அது. கப்பல் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். மசூலாப் படகில் சரக்கை இறக்கி அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். ஐஸும் அப்படித்தான் வந்தது. இந்த வெயிலில் அது கரைவதற்குள் கிடங்குக்குள் போயாக வேண்டும், அதனால்தான் கட்டடம் கரையோரத்தில் நிற்கிறது. 1875-க்குப் பிறகு துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டது. நம் கரையில் வருடத்தில் அதிக காலம் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதைத் தடுத்ததும் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்தது. பிள்ளைகளுக்கு இதை இங்கே வைத்துச் சொல்லுங்கள். ஒரு கட்டடம் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்கும் பழக்கம் இங்கேயே வந்துவிட வேண்டும்.

இப்போது வளைந்த முகப்பையும் ஜன்னல்களையும் பாருங்கள். ஐஸ் கிடங்குக்கு எதற்கு இத்தனை ஜன்னல்? வெயிலும் காற்றும் உள்ளே வரக் கூடாது என்று கட்டிய கட்டடம் அல்லவா? நீராவி இயந்திரத்தால் ஐஸ் உள்ளூரிலேயே தயாரிக்கத் தொடங்கியதும் டியூடரின் வியாபாரம் படுத்துவிட்டது. உயர் நீதிமன்ற வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் கட்டடத்தை வாங்கி, ஜன்னல் திறந்து, தாழ்வாரம் சேர்த்து வீடாக மாற்றினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தங்கியது அந்த வீட்டில். பிற்பாடு சகோதரி சுப்புலட்சுமி, சின்ன வயதிலேயே விதவையான பெண்களைப் படிக்க வைக்க நடத்திய விடுதி இங்கே இயங்கியது. விவேகானந்தரைப் பற்றிச் சொல்லும் எல்லோரும் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. தலை மழித்து மூலையில் உட்கார வைக்கப்பட்ட பெண்கள் இந்த ஜன்னல்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்து, ஆசிரியைகளாக வெளியே போனார்கள்.

உள்ளே கண்காட்சி உண்டு. அது திறக்கும் நேரத்துக்குக் காத்திருந்தால் காலை வெயில் போய்விடும். வேறொரு நாள் வந்து அதைப் பாருங்கள்.

மாநிலக் கல்லூரி

வடக்கே நடந்து கண்ணகி சிலை வரை வாருங்கள். எதிரே பாரதி சாலை வந்து சேரும் முனையில் தொடங்குகிறது கல்லூரி வளாகம். இங்கேதான் இந்த நடையின் நாயகர் அறிமுகமாகிறார். ராபர்ட் சிஷோம், 1840-ல் பிறந்தவர். 1864-ல் சென்னை அரசு மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்துக்கும் வரைபடங்கள் கேட்டுப் போட்டி அறிவித்தது. இரண்டுக்கும் தேர்வானவை அவருடையவை. அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு, இருபத்தைந்துதான். கல்லூரி முதலில் எழுந்தது. 1870-ல் எடின்பரோ கோமகன் திறந்து வைத்தார். செனட் இல்லத்தின் வேலை தொடங்கவே 1874 ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பதுதான் நாம் நடந்து பார்க்கப்போவது.

நோட்டை எடுங்கள். ஒரு வளைவைத் தேர்ந்தெடுத்து வரையுங்கள். வரையும்போது ஒரு கேள்வி: இந்த வளைவை வரையக் காம்பஸை எத்தனை இடத்தில் ஊன்ற வேண்டும்? அரைவட்ட வளைவென்றால் ஒரே இடம். உச்சி கூராக இருந்தால் குறைந்தது இரண்டு. முகலாயக் கட்டடங்களில் வருவதுபோல விளிம்பு இதழ் இதழாக இருந்தால் ஒவ்வோர் இதழுக்கும் ஒரு மையம். பாணியின் பெயர்களை மனப்பாடம் செய்யச் சொன்னால் பிள்ளைகள் மறுநாளே மறந்துவிடுவார்கள். காம்பஸ் கணக்கை மறக்க மாட்டார்கள். வளைவு முடிந்ததும் தூணின் தலைப்பகுதியையும், கட்டடம் வானத்தைத் தொடும் விளிம்பையும் வரையுங்கள். ஒவ்வொரு கட்டடத்திலும் இந்த மூன்றும் போதும்.

மாநிலக் கல்லூரி இத்தாலிய மாளிகைகளின் பாணியில் கட்டியது. நீண்ட தாழ்வாரம், ஒரே சீரான இடைவெளியில் வளைவுகள். நம் ஊர் வெயிலுக்குத் தாழ்வாரம் நன்றாகவே பொருந்துகிறது. ஆனாலும் இதைத் தூக்கிக்கொண்டு போய் ஐரோப்பாவின் ஏதோ ஒரு கடற்கரையில் வைத்தால் யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். குவிமாடத்துக் கடிகாரம் 1940-ல் வந்தது. நான்கு முகமும் கொண்ட அதற்குக் கல்லூரி முதல்வராக இருந்த தாவரவியலாளர் ஃபைசனின் பெயர்.

முன்னால் கடலைப் பார்த்து நிற்கிறார் உ.வே.சா. 1903 முதல் இங்கே தமிழாசிரியராக இருந்தவர். திருவல்லிக்கேணியில் பின்பக்கத் தெரு ஒன்றில் 'தியாகராச விலாசம்' என்று, கும்பகோணம் கல்லூரியில் தமக்கு வேலை கிடைக்க உதவிய தியாகராச செட்டியாரின் பெயரை வைத்த வீட்டில் வாழ்ந்தார். ஏடுகள் பதிப்பாகி வெளிவந்த அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். வெள்ளைக்காரர் கட்டிய அரசாங்கக் கட்டடங்கள் தப்பித்துவிடுகின்றன, ஏனென்றால் அரசாங்கம் இன்னும் அவற்றில் உட்கார்ந்திருக்கிறது. தமிழ் அறிஞர் ஒருவர் வாழ்ந்த வீட்டைக் காப்பாற்ற ஆளில்லாமல் போனது. இந்தச் சிலைக்கு முன் நிற்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த வருத்தம் வரும். வந்திருப்பவர்களிடம் சொல்லாமல் நகர மாட்டேன்.

சேப்பாக்கம் அரண்மனை

அடுத்து பொதுப்பணித்துறையின் செங்கல் நிறக் கட்டடம். அதுவும் சிஷோம் கைதான். அதைத் தாண்டி அரசு அலுவலகங்கள் இருக்கும் எழிலகம். எழிலகத்துக்குப் பின்னால் மறைந்திருப்பதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். சென்னையிலேயே பிறந்து வளர்ந்து இந்தச் சாலையில் பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்குக்கூட இங்கே ஓர் அரண்மனை இருப்பது தெரியாது.

ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக 1768-ல் கட்டியது. கலச மகால், ஹுமாயூன் மகால் என்று இரண்டு பகுதி. கூவத்திலிருந்து தெற்கே நீண்டிருந்த பெரிய தோட்டத்தின் நடுவே இருந்தது. 1855-ல் வாரிசில்லாமல் கடைசி நவாப் இறந்ததும் கம்பெனி பட்டத்தை ஒழித்துவிட்டது. அரண்மனை ஏலத்துக்கு வந்து அரசாங்கத்தின் கைக்கே போனது. நவாப் குடும்பத்துக்கு 'ஆற்காடு இளவரசர்' பட்டம் 1867-ல் கிடைத்தது. அவர்கள் இன்று ராயப்பேட்டை அமீர் மகாலில் இருக்கிறார்கள்.

அந்த அரண்மனையில் வருவாய் வாரிய அலுவலகத்துக்கு இடம் தேவைப்பட்டபோது வேலை சிஷோமிடம் வந்தது. இரண்டு மகாலுக்கும் நடுவே அவர் எழுப்பிய சதுரக் கோபுரத்தைப் பாருங்கள். நோட்டில் மாநிலக் கல்லூரி வளைவு இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில் இங்குள்ள வளைவை வரையுங்கள். காம்பஸ் மையங்களை எண்ணும்போதே புரியும். பழைய மாளிகையோடு ஒட்டிப்போகும்படி புதிதாகக் கட்ட வேண்டும் என்றால் அந்த மாளிகையை அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்தாக வேண்டும். வரைந்த கை மறக்காது. நூறாண்டுக்கு முந்தைய நவாப்பின் கொத்தனார்கள்தான் அந்த இங்கிலாந்துக்காரருக்குப் பாடம் எடுத்தார்கள் என்பது என் முடிவு. அப்போது ஆளுநராக இருந்த நேப்பியரும் இந்தியக் கட்டடக் கலையை அரசாங்கக் கட்டடங்களில் கையாள வேண்டும் என்று பேசியவர். மாணவன் தயாராக இருந்தான், மேலிடமும் ஒத்துக்கொண்டது. இந்தோ-சாரசெனிக் என்று இன்று நாம் சொல்லும் பாணிக்கு ஊற்றுக்கண்களில் ஒன்று இந்த வளாகம்.

2012 ஜனவரியில் கலச மகால் எரிந்தது. கூரை போய், சுவர்கள் கரிந்து நின்றதைப் பார்த்தவர்கள் இது அவ்வளவுதான் என்றார்கள். இடிக்காமல், பழைய முறையிலேயே சுண்ணாம்பும் தேக்கும் கொண்டு மீட்டெடுத்தார்கள். இப்போது அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது. உள்ளே போக அனுமதி கிடைத்தால் மேலே அண்ணாந்து பாருங்கள். அதுதான் மெட்ராஸ் டெரஸ்.

இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்வேன், ஏனென்றால் என் அம்மா தளம் அடித்தவர். தேக்கு விட்டங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் சின்னச் செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்துக்கல்லாக, மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்து வைத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே முட்டுப் பலகை கிடையாது. ஒரு கல்லை அடுத்த கல் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே மரக்கட்டையால் அதை அடிப்பார்கள். நாள் கணக்கில் அடிக்க வேண்டும். கட்டை துள்ளித் திரும்பினால்தான் தளம் இறுகிவிட்டது என்று மேஸ்திரி ஒத்துக்கொள்வார். கை ஓயாமலிருக்கப் பாட்டும் நடக்கும். கடைசியில் தட்டோடு பதித்து முடிப்பார்கள். சிஷோமின் பெயர் எல்லாப் பலகையிலும் இருக்கிறது. தளம் அடித்த பெண்களின் பெயர் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. கூரையைப் பார்க்கும்போது அவர்களை நினைக்கச் சொல்லித்தான் என்னோடு வருகிறவர்களை அண்ணாந்து பார்க்கச் சொல்கிறேன்.

பூச்சையும் கவனியுங்கள். பழைய சுண்ணாம்புப் பூச்சு உள்ளே போன ஈரத்தை மெதுவாக வெளியே விடும். அதன் ஓட்டையை யாராவது சிமென்ட் வைத்து அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் சிமென்ட்டைச் சுற்றியுள்ள செங்கல்லில் தேங்கும். கடற்கரை உப்பு அங்கே வெள்ளையாகப் பூக்கும். சில வருடங்களில் சிமென்ட் ஒட்டு அப்படியே நிற்கும், பக்கத்திலிருக்கும் செங்கல் மாவாக உதிரும். இந்தச் சாலையின் எந்தப் பழைய மதில் ஓரத்திலும் இப்படி ஓரிடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். விரல் நகத்தால் சுரண்டாதீர்கள், கண்ணால் பார்த்தாலே போதும். உங்கள் வீட்டில் தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவர் இருந்தால் சிமென்ட் பூச வரும் மேஸ்திரியை நிறுத்தி வையுங்கள்.

காவலர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இவை அலுவலகங்கள், அதிலும் ஒன்று நீதி மன்றம் போன்றது. போனை நீட்டிக்கொண்டே உள்ளே நுழையாதீர்கள். "அண்ணே, கட்டடத்தைப் பார்த்து வரையணும், இங்கேயே நின்னுக்கிறோம்" என்று நோட்டைக் காட்டிக் கேளுங்கள். படம் எடுப்பவர்களை விரட்டுகிறவர்கள் படம் வரைகிறவர்களுக்கு நாற்காலியே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கூடாது என்றால் கூடாதுதான், வாதம் செய்ய வேண்டாம்.

செனட் இல்லம்

வாலாஜா சாலையைக் கடந்தால் சென்னைப் பல்கலைக்கழக வளாகம். 1874-ல் தொடங்கி 1879-ல் முடிந்த செனட் இல்லம் அங்கே இருக்கிறது. முன்னால் விக்டோரியா சிலை. எட்ட நின்று பார்க்கும்போதே நான்கு மூலைக் கோபுரங்களும் அவற்றின் தலையிலுள்ள குவிமாடங்களும் தெரியும். மாநிலக் கல்லூரியில் பார்த்த அந்த இத்தாலிய அடக்கம் இங்கே இல்லை. பைசாந்தியச் சாயல் இருக்கிறது, முகலாயச் சாயல் இருக்கிறது, தூண்களின் தலைப்பில் நம் கோயில் சிற்பிகளின் கை இருக்கிறது. ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடி. எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் போட்டுக் குழப்பியிருக்கிறார் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. தூணிலிருந்து வளைவு, வளைவிலிருந்து கோபுரம் என்று கண் தடுக்காமல் ஏறுகிறது. அதற்குமேல் ஒரு கட்டடத்தில் என்ன ஒழுங்கு வேண்டும்?

இங்கே நான் வாயை மூடிக்கொள்வேன். நோட்டைப் புரட்டி மாநிலக் கல்லூரியின் வளைவு, சேப்பாக்கத்தின் வளைவு இரண்டையும் வைத்துக்கொண்டு, மூன்றாவதை வரைந்து மையங்களை நீங்களே எண்ணுங்கள். தூண் தலைப்புக்கு நேரம் கொடுங்கள், அரைமணி நேரம் போனாலும் பரவாயில்லை. பெரியவர்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இதைச் சீக்கிரம் பிடித்துவிடுகிறார்கள்.

உள்ளே இருக்கும் பெருமண்டபம் எப்போதும் திறந்திருக்காது. பல்கலைக்கழகத்தின் 150-வது ஆண்டை ஒட்டிப் புதுப்பித்தார்கள். நிகழ்ச்சி நடக்கும் நாளில் போனால் உள்ளே நின்று வண்ணக் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சத்தைப் பார்க்கலாம். அறிவிப்புகளைக் கவனித்து வையுங்கள்.

மொத்தம் இரண்டு கிலோமீட்டருக்குள்தான். நின்று வரைந்து வந்தால் இரண்டரை மணி நேரமாகும். வாலாஜா சாலை வழியாக மேற்கே நடந்து திருவல்லிக்கேணி நெடுஞ்சாலைக்குப் போனால் ரத்னா கஃபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லி கிடைக்கும். திரும்பிப் போகச் சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையம் பக்கம்.

சிஷோமைத் தொடர விரும்புகிறவர்கள் அடுத்த வாரம் பாரிமுனைப் பக்கம் போய் 1884-ல் முடிந்த தலைமை அஞ்சலகத்தைப் பாருங்கள். திருவனந்தபுரம் போகும் வாய்ப்பிருந்தால் 1880-ல் முடிந்த நேப்பியர் அருங்காட்சியகத்தையும் விட்டுவிடாதீர்கள். அங்கே அவர் கேரளத்துத் தச்சர்களின் சாய்கூரையை எடுத்துக்கொண்டிருக்கிறார். இதே நோட்டையே கொண்டுபோங்கள்.